இரண்டு பக்கமும் எட்டு

உங்களில் யார் வீட்டிலாவது கம்ப்யூட்டருக்குத் துண்டு போர்த்தி வைத்திருந்தீர்களா? எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். நீலப் பூப்போட்ட டர்க்கி டவல். தூசு அண்டக்கூடாது என்று மாமா வாங்கி வந்தது. வீட்டு மனிதர்கள் தலை துவட்டுகிற துண்டுகள் எல்லாவற்றையும்விட அது நல்ல துண்டு. குளித்துவிட்டு வரும் அப்பா முதலில் அதை ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் கொடியில் கிடக்கும் தன்னுடைய நைந்த துண்டை எடுப்பார். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் பேச வராது. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் எங்களை மெஷின் லைன் பக்கத்தில் நிற்கவைத்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சூப்பர்வைசர் கேட்பார். இத்தனை வருடத்தில் நான் ஒரு முறைகூட வாயைத் திறந்ததில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான். வாயைத் திறந்திருக்க வேண்டிய ஒரு காலையில் நான் திறக்கவில்லை.

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்தில் மெயின் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. முன்பக்கம் ஷட்டர் போட்ட ஓர் அறை. முன்பு யாரோ அதில் உரக்கடை வைத்திருந்து காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனை முறை கழுவிவிட்டாலும் தரையிலிருந்து யூரியா வாடை எழும். அந்த அறையில் ஒரு தகர மேஜையின் மேல் கம்ப்யூட்டர் இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. காஞ்சிபுரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆபீசில் உதவியாளராக இருந்தார். அந்த ஆபீஸ் இடம் மாறியபோது பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, சிபியுவைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர் லக்கேஜ் கேட்டதாகவும், "இது லக்கேஜ் இல்ல சார், பொழப்பு" என்று தான் சொன்னதாகவும் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. வேர்க்கடலை போட்ட நிலத்தில் வேலி வந்தது. வேலிக்குள் நீலக் கூரை வந்தது. அப்பா ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினார். காலையில் எங்கள் ஸ்டாப்பில், கையில் பைலோடு, தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய பையன்கள் நிற்பார்கள். கம்பெனி கேட்டில் பயோடேட்டா கேட்டார்கள். அதை டைப் அடிக்க ஸ்ரீபெரும்புதூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ போக வேண்டியிருந்தது. இங்கேயே அடித்துக் கொடுத்தால் என்ன என்பதுதான் மாமாவின் யோசனை. காலையில் பயோடேட்டா, சாயங்காலம் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு. அதற்கு ரோட்டைப் பார்த்த எங்கள் முன்னறை வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

போர்டுகூட எழுதி வாங்கிவிட்டார். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து. "கம்ப்யூட்டர் சென்டர். இங்கு பயோடேட்டா அழகாக டைப் செய்து தரப்படும்." மேலே பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. என்ன பெயர் வைப்பது என்று கேட்டால், "உன் பேருதான் பாப்பா, வேற யாரு பேரு?" என்பார். நான் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிடுவேன். ஆனால் யாரும் இல்லாதபோது அந்தக் காலி இடத்தில் விரலால் என் பெயரை எழுதிப் பார்ப்பேன். இரண்டு எழுத்து இடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் நெருக்கி எழுதினால் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அறையை வேறு ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிகளுக்கு ஆள் விடும் கான்ட்ராக்டர். எட்டுப் பேரைத் தங்கவைத்துக்கொள்கிறேன், மாதம் பிறந்தால் வாடகை கைக்கு வரும் என்றார். அப்பாவுக்கு அதில்தான் மனம். அம்மாதான் தம்பிக்காக ஆயுத பூஜை வரைக்கும் தவணை வாங்கினாள். அதற்குள் அந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் அறை மாமாவுக்கு. இல்லையென்றால் கான்ட்ராக்டருக்கு. அப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மா மறுபடியும் போய்க் கேட்கவே முடியாது.

பெட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதுதான் சிக்கல்.

பட்டனை அழுத்தினால் எழுந்துவர அம்மா உலை வைத்து அரிசி களைந்து போடுகிற நேரம் ஆகும். எழுந்த பிறகும், திரையில் ஒரு ஜன்னல் திறந்தால் தாங்கும், இரண்டாவது திறந்தால் திணறும். ஒரு நாள் வல்லக்கோட்டையிலிருந்து ஒரு பையன், யாரோ சொல்லி, பயோடேட்டா அடிக்க வந்துவிட்டான். முதல் வாடிக்கை. மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தார். பெயர் அடித்தாயிற்று. தகப்பனார் பெயர் பாதி அடிக்கும்போது திரை அப்படியே உறைந்துவிட்டது. மாமா தட்டினார், அணைத்தார், போட்டார். மறுபடியும் தகப்பனார் பெயரில் வந்து நின்றது. மூன்றாம் முறை அந்தப் பையன் எழுந்துவிட்டான்.

"அண்ணே, எங்கப்பா பேர அடிச்சாவே நின்னுபோவுது. வூட்லயும் அப்டித்தான், அவர் பேரச் சொன்னா ஒரு வேலையும் ஆவாது. நான் காஞ்சிபுரத்துக்கே போய்க்கிறேன்."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். அவன் போனதும் சிபியுவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அந்தச் சூட்டு வாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தூசும் வெந்த பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை. இப்போது எத்தனையோ மெஷின் பக்கத்தில் நிற்கிறேன், அந்த வாடை மட்டும் வருவதில்லை.

என்ன கோளாறு என்று எனக்குப் புரியும்படி சொன்னார். எதிரே டீக்கடையைக் காட்டினார். கடைக்குள்ளே அண்டா நிறையப் பால் இருக்கிறது. ஆனால் மாஸ்டர் முன்னால் இருக்கிற பலகையில் நாலு கிளாஸ்தான் வைக்க இடம். அப்படியானால் ஒரு நேரத்தில் நாலு பேருக்குத்தான் டீ. ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். ஆறாவது ஆள் திட்டிவிட்டுப் போய்விடுவான்.

"பால் போதும் பாப்பா. பலகைதான் சின்னது. பலகைய மட்டும் பெருசா போட்டுட்டா இதே பெட்டி பறக்கும்."

அந்தப் பலகைக்குப் பெயர் ரேம். ஒரு சாண் நீளத்துக்குக்கூட வராத பச்சை அட்டை. அதைக் கழற்றி, இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்துக் காட்டினார். கீழ் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அதில் விரல் படவே கூடாது என்றார். பிறகு என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த அழிரப்பரைக் கேட்டு வாங்கி, அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்தார். பழைய ரேம் என்றால் அப்படித் தேய்த்துப் போட வேண்டுமாம். என் ரப்பரின் ஒரு மூலை கறுத்துப்போனது. அந்தக் கறுப்பை நான் வெகு நாள் அழிக்காமல் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் வீட்டில் அந்தப் பேச்சுதான். எவ்வளவு பெரியது வாங்குவது, எந்த வகை வாங்குவது. என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாமா எண்களை எழுதி எழுதி அடித்தார். சென்னை ஆபீசில் பழக்கமான ஒருவருக்கு டெலிபோன் பூத்திலிருந்து போன் செய்து கேட்டுக்கொண்டு வந்தார். விஷயம் இதுதான். எங்கள் பெட்டி பழைய பெட்டி. இப்போது கடைகளில் வருகிற புது ரேமில் ஒரு பக்கம் மட்டும்தான் கறுப்புச் சில்லுகள் இருக்கும். அது பழைய பெட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு பக்கமும் எட்டு எட்டாகச் சில்லு பதித்ததுதான் வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

"ரெண்டு பக்கமும் எட்டு. திருப்பிப் பாக்காம காசு குடுக்கக் கூடாது" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொள்வார். சாப்பிடும்போதுகூடச் சொல்வார். அம்மா, "இட்லியும் ரெண்டு பக்கமும் எட்டாடா?" என்று கேலி செய்தாள்.

ரேம் வாங்கச் சென்னைக்குப் போய்த் திரும்பிய அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து வரும் வரைக்கும் சட்டைப் பையின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. வழி முழுக்க அப்படித்தான் நின்றுகொண்டு வந்தாராம். உட்கார்ந்தால் மடங்கிவிடுமோ என்று பயம். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கூட்டம், ஆளை ஆள் இடித்துக்கொண்டு வாங்குகிறார்கள் என்றார். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாராம், இரண்டு பக்கமும் எட்டு. பிறகு உள்ளே போய் அதே மாதிரி புதிதாக ஒன்றைக் கவரில் போட்டு, ஒட்டி, கொடுத்தாராம். வெள்ளி நிறக் கவர். உள்ளே இருப்பது தெரியாது. மாமாவின் இடது மணிக்கட்டில் வாட்ச் இல்லை. வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகப் பட்டை போல இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

உடனே மாட்டிப் பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அப்பா வேண்டாம் என்றார். ஆயுத பூஜைக்கு இன்னும் இரண்டு நாள். புதுச் சாமானை சாமி முன் வைக்காமல் பிரிக்கக்கூடாது. பூஜையில் வைத்துவிட்டு, விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் எல்லார் முன்னாலும் மாட்டு என்றார். அதில் அப்பாவின் பேரில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் புது டயர் வாங்கினாலும் அப்படித்தான் செய்வார். மாமா கவரை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இனி என் பங்கு.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குச் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. என் மோதிர விரல் சின்னது, பொட்டு வட்டமாக விழும் என்று அம்மா அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு வீட்டில் இருந்த ஒரே பெருமை அது. குழைத்த சந்தனமும் குங்குமமும் இரண்டு கிண்ணத்தில். அப்பாவின் ஸ்பேனர்களுக்கு வைத்தேன், ஜாக்கிக்கு வைத்தேன். அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, என் புத்தகங்கள், மாமாவின் ஸ்க்ரூ டிரைவர், மானிட்டரின் நெற்றி, மவுஸின் முதுகு. எல்லாவற்றிலும் அழகாக நின்றது. கடைசியில் அந்த வெள்ளிக் கவர். அதில் சந்தனம் ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டே போயிற்று. நாலு முறை வைத்தேன், நாலு முறையும் வழிந்தது.

எல்லாச் சாமானையும்விட முக்கியமான சாமானுக்குப் பொட்டு இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். டேப்பை மெல்ல உரித்து, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் எட்டுக் கறுப்புச் சில்லுகள். திருப்பினேன், அந்தப் பக்கமும் எட்டு. பொட்டு வைக்க இடமே இல்லை. கீழ் ஓரத்தில் மட்டும் அந்தத் தங்க வரிசை, பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை மாதிரி மினுங்கியது. இடம் அதுதான் என்று பட்டது. கரை நெடுக, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, சின்னச் சின்னதாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். அவ்வளவு அழகாக நான் பொட்டு வைத்ததே இல்லை.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது, அதில் விரல் படக்கூடாது என்று மாமா சொன்னது. பாவாடை ஓரத்தால் அழுத்தித் துடைத்தேன். குங்குமம் போயிற்று. சந்தனமும் போனது போலத்தான் இருந்தது. கவரில் போட்டு, டேப்பை ஒட்டி, தட்டில் பழையபடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கற்பூரம் காட்டினாள். பொரியும் சுண்டலும் சாப்பிட்டேன்.

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம். அப்பா கான்ட்ராக்டரையும் வரச்சொல்லியிருந்தார். அவர் பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக் கொறித்துக்கொண்டு நின்றார். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியைத் திறந்தார். பழைய ரேமைத் தேய்க்க என்னிடம் ரப்பர் கேட்டார். தேய்த்து மாட்டினார். புதியதையும் தேய்க்க வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டும்விட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் யார் காதிலும் விழாத குரலில். அவரே சொன்னார், "இது புதுசு, இதுக்கு எதுக்கு ரப்பர்." கவரைப் பிரித்தார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், அழுத்தி மாட்டி, பட்டனைத் தட்டினார்.

பீப், பீப், பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கழற்றி அடுத்த இடத்தில் மாட்டினார். கத்தியது. மூன்றாவது இடத்தில் மாட்டினார். கத்தியது. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் போட்டார். ஒழுங்காக எழுந்து வந்தது. ஆக, கோளாறு புதியதில்தான் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னா மாப்ள, பெட்டி அழுவுது?" என்றார் கான்ட்ராக்டர். பொரி மென்றுகொண்டேதான் கேட்டார்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு சாமானப் பாத்து வாங்கத் தெரில. இவன் ஊரு பசங்களுக்குச் சொல்லித்தரப் போறானாம்" என்று கான்ட்ராக்டரைப் பார்த்துச் சொன்னார்.

மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. கழுத்தின் பின்புறத்தை மட்டும் பார்த்தேன். வேர்த்திருந்தது. "ஒரே நாள் குடுங்க மாமா. காலைல முதல் பஸ்ல போய் மாத்திகினு வந்துடறேன். கடைக்காரன் மாத்திக் குடுத்துத்தான் ஆவணும்" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சரி என்றார். ஒரு நாள். கான்ட்ராக்டரும் ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றார். மாமா ரேமைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் மானிட்டரின் மேல் வைத்து, மேலே நீலத் துண்டைப் போர்த்திவிட்டு, எங்கேயோ நடந்து போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வருவதற்குள் நான் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பினால், தங்கப் பற்களுக்கு நடுவில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார், யார் இதில் சந்தனம் வைத்தது என்று. வீட்டில் பொட்டு வைப்பது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து, மாமா கிளம்புவதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்து, ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். காலையில் எழுந்து தேய்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் திட்டம். திருட்டு இல்லை.

நான் கண்விழித்தபோது முன்னறையில் மாமா துண்டை உதறிக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸுக்கான நேரம் தாண்டியிருந்தது. மேஜையை நகர்த்தினார். கவிழ்ந்து படுத்து அடியில் கையை விட்டார். பூஜைத் தட்டைப் பார்த்தார், குப்பையைக் கிளறினார். அம்மாவும் தேடினாள். அப்பா பல் விளக்கிக்கொண்டே வந்து நின்று பார்த்தார். நான் யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றேன். பைக்குள் பாக்ஸ். பாக்ஸுக்குள் அது.

மாமா முட்டியில் உட்கார்ந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "பாப்பா, நீ எங்கனா பாத்தியா? பாத்தா சொல்லு. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவருக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"உட்றா" என்றார் அப்பா. "மாத்தப் போனா உன் லட்சணம் கடைலயும் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் காணாமப் போயிட்சி."

மாமா எழுந்தார். நான் பள்ளிக்கூடம் போனேன். அன்று கணக்கு வகுப்பில் பாக்ஸைத் திறக்கவே இல்லை. காம்பஸ் கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லி, பெஞ்சின் மேல் நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, முன்னறை ஷட்டர் பக்கத்தில் எட்டுப் பாய்களும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இறக்கி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் உள்ளே அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

அப்போதும் கொடுத்திருக்கலாம். தினமும் நினைத்தேன். ஒரு நாள் தள்ளிப்போனதும் அது இரண்டு குற்றமாகிவிட்டது. ஒரு வாரம் போனதும் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. மாமா அந்த மாதமே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டார். அதே கான்ட்ராக்டரின் ஆளாக. பிறகு வாலாஜாபாத்தில் அறை எடுத்துக்கொண்டார். அங்கேயே கல்யாணம். பொங்கலுக்கு வருவார், ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை, ஒரு முறை தவிர.

அம்மா எதற்கோ பழைய பேச்சை எடுத்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கூட்டத்துல கடைக்காரன் ஒரு பக்கம் சில்லு வச்சத போட்டுக் குட்த்திருப்பான்க்கா. மாட்டும்போது திருப்பிப் பாத்தனான்னு எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வர்ல. ஒரு பக்கந்தான் கண்ணுல நிக்குது. நாந்தான் சரியா பாத்து வாங்கல." பிறகு, தனக்கு அந்த வேலை சரிப்பட்டு வந்திருக்காது என்றும் சொன்னார். அப்பா சொன்னதை அவர் நம்பிவிட்டிருந்தார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், அந்த ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது.

போர்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா அதைக் குளியலறைக் கதவாக்கிவிட்டார். எழுத்து உள்பக்கம் இருக்கும்படி அடித்திருந்தார். கல்யாணமாகிப் போகும் வரை, தினமும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அழகாக டைப் செய்து தரப்படும்" என்று படித்துக்கொண்டிருந்தேன். மேலே காலி இடத்தில் துரு பூத்திருந்தது. கம்ப்யூட்டரைப் பிற்பாடு ஒரு பழைய சாமான்காரர் எடுத்துப்போய், இரண்டு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். நீலத் துண்டு கடைசியில் கரித்துணியாகி அடுப்படியில் கிடந்தது. எட்டுப் பேர் தங்கிய அறையில் இப்போது செல்போன் கடை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யூரியா வாடை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். வருவதில்லை. அடுத்த தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சென்டரில், பையன்கள் இன்றைக்கும் வரிசையில் நின்று பயோடேட்டா அடித்து வாங்குகிறார்கள். அப்பா உயிரோடு இருந்தபோதே அது வந்துவிட்டது. அப்பா அதைக் கடந்து நடக்கும்போது ஒரு முறை நின்று பார்த்ததை நான் பார்த்தேன். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் நானே ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு பரிசோதிக்கிற வேலைக்குப் போனேன். முதல் நாள் டிரெய்னிங்கில் மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டு, விரல்களுக்கு உறை போட்டுவிட்டு, தங்க முனையில் அழுக்குப் படிந்தால் என்ன ஆகும் என்று பெரிய படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தது விரல் எண்ணெய். மற்ற பெண்கள் குறிப்பெடுத்தார்கள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து பாக்ஸைத் திறந்து, கறுத்த மூலை கொண்ட அதே பழைய ரப்பரால் தேய்க்கப் பார்த்தேன். ரப்பர் கல்லாகியிருந்தது, உதிர்ந்தது. புது ரப்பர் வாங்கித் தேய்த்தேன். தங்கம் புதிதாக வந்துவிட்டது. ஆனால் அதை மாட்டிப் பார்க்க இப்போது ஒரு பெட்டியும் கிடையாது. கம்பெனியில் விசாரித்தேன். அந்த வகைக்கு இடம் வைத்த மெஷினை நிறுத்திச் சில வருடம் ஆகிறது என்றார்கள்.

போன மாதம் மாமா பத்திரிகை வைக்க வந்தார். மகளுக்குக் கல்யாணம். தலை முழுக்க நரைத்துவிட்டது. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவள் காபி போட உள்ளே போனாள். தட்டில் பத்திரிகையும் வெற்றிலையும் இருந்தன. நான் பீரோவைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று இத்தனை வருடம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பாக்ஸை அவர் முன்னால் வைத்துத் திறந்தேன்.

"நாந்தான் மாமா எடுத்தேன். பூஜைல இதுக்குச் சந்தனம் வச்சிட்டேன். அதான் அன்னிக்கி கத்திச்சி. பயந்துகினு எடுத்து வச்சிகினேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பாக்ஸுக்குள்ளிருந்து அதை எடுத்தார். இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்து எடுத்தார், தங்கத்தில் விரல் படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய எண்ணினார். எட்டு வந்ததும் நிறுத்தினார். பிறகு மெதுவாகத் திருப்பினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

அம்மா காபியோடு வந்தாள்.

"அக்கா" என்றார் மாமா. "நான் சரியாத்தான் வாங்கினு வந்துக்கீறேன்."

"எதடா?" என்றாள் அம்மா. அவள் பத்திரிகையில் அச்சடித்த எதையோ சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் எட்டு கீது."

அம்மாவுக்குப் புரியவில்லை. காபி ஆறுகிறது என்றாள். மாமா குடித்தார். என்னைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். எழுந்திருக்கும்போது, மறந்து விட்டுப்போவாரோ என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பாக்ஸில் ரேம் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நினைவு வந்து, கண்ணாடியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

வாலாஜாபாத் பஸ் காலியாகத்தான் வந்தது. உட்கார இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கை சட்டைப் பையின் மேல் இருந்தது.